வாசலில் படுத்திருக்கும் காவல்



மார்கழி பிறந்துவிட்டால் எமது அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களில் பொழுது விடிவதே வேறு மாதிரி இருக்கும். பீலித் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். வாய் திறந்து பேசினால் புகை வரும். டிசம்பர் கடைசியிலிருந்து பெப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி இறங்குகிறது. காலையில் பார்த்தால் மரக்கறிப் பாத்தியும், புல்லும், கொழுந்து நுனியும் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். எட்டு மணி வெயிலில் பனி கரையும். பின்னேரம் பார்த்தால் அந்தக் கொழுந்து கருகிக் கிடக்கும். கொழுந்து கருகினால் வேலை நாள் குறையும். வேலை நாள் குறைந்தால் அடுப்பங்கரையில் அது தெரியும்.

இந்தக் குளிர்காலத்தைப் பற்றி எழுதும்போது கம்பளியைப் பற்றியும், குழந்தைகளின் சளி இருமலைப் பற்றியும், விறகைப் பற்றியும் எழுதுவதுதான் வழக்கம். இந்த மாதம், எமது லயத்து வாசலில் சாக்கின் மேல் சுருண்டு படுத்திருக்கும் ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவருக்கு வாக்குச் சீட்டு இல்லை, செக்ரோல் இல்லை. ஆனாலும் லயத்தில் உள்ள எல்லாரையும் அவருக்குத் தெரியும். நான் சொல்வது எமது நாய்களைப் பற்றித்தான்.

"நாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பல ஆண்டுகளாகத் தோட்டம் தோட்டமாகப் போய் வருகிறேன். ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய நான் முதலில் பார்ப்பது அடுப்பை. இரண்டாவதாகப் பார்ப்பது வாசலில் உள்ள நாயை. அது எலும்பும் தோலுமாக இருந்தால் உள்ளேயும் சோறு குறைவு என்று தெரிந்துகொள்ளலாம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா விலை ஏறி, ரொட்டி ஒன்றை நாலாகப் பிய்த்துப் பங்கிட்ட வீடுகளில், நாயின் பங்குதான் முதலில் நின்றது. அந்தக் காலத்தில் கடை வீதியில் திரிந்த நாய்களில் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் வாசலில் படுத்திருந்தவைதான்.

குளிருக்கு வழி தெரிந்தவை

உறைபனி ஏன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று பாரமானது. அது சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்துப் பள்ளங்களிலும், ஆக்ரோயா ஓரத்து மலைகளிலும், டயகமப் பக்கத்துத் தாழ்ந்த இடங்களிலும் பனி கடுமையாக விழுகிறது. மேட்டு லயத்தில் அவ்வளவு இருக்காது.

இது நாய்களுக்கு நன்றாகத் தெரியும். பள்ளத்து லயத்து நாய்கள் இரவில் மேட்டுக்கு ஏறிவிடும். சில, தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புப் பக்கத்துச் சுவரோடு ஒட்டிப் படுத்திருக்கும். மற்றவை எமது வெளி அடுப்பின் சாம்பலுக்குள் புகுந்துகொள்ளும். காலையில் அடுப்பு மூட்டப் போகும் அக்காமார், "எந்திரி, எந்திரி" என்று காலால் தள்ளிவிட்டுத்தான் மிலாறு வைக்க வேண்டும். உடம்பெல்லாம் சாம்பல் பூசி எழுந்து நிற்கும் அதைப் பார்த்து, "சாமியாரு வந்துட்டாரு" என்று சிரிக்காத வீடில்லை. ஆனால் சூட்டுச் சாம்பலில் முதுகு வெந்த நாய்களும் உண்டு. இரவில் அடுப்பை மூடும்போது தணலைத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுவது நாய்க்கும் நல்லது, லயத்துக்கும் நல்லது. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கூரை வழியே முழு லயத்துக்கும் பரவிய கதைகள் எமக்குப் புதியவை அல்ல.

விடியற்காலையில் எழுவது பெண்கள்தான். தண்ணீர் எடுக்க, வெளியே உள்ள மலசலகூடத்துக்குப் போக, மாட்டுக்குப் புல் போட என்று இருட்டில் இறங்குகிறோம். மூடுபனியில் நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் முன்னால் ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடும் நாய்தான் எமது துணை. ஒரு சகோதரி என்னிடம் சொன்னார்: "மிஸ், வீட்டுக்காரரு கொழும்புல. மாமியாருக்குக் கண்ணு தெரியாது. இது மட்டும் இல்லேன்னா நான் ராத்திரியில வெளிய போகவே மாட்டேன்." மலசலகூடத்துக்குப் போகப் பயந்து, பின்னேரத்துக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பது எமக்குத் தெரியும். சிறுநீர்த் தொற்றும் கல்லடைப்பும் அதனால் வருகின்றன. லயத்துக்கு அருகில் விளக்கும் கதவுள்ள மலசலகூடமும் வேண்டும் என்று கேட்பது எமது உரிமை. அது வரும் வரைக்கும் அந்தக் காவலை ஒரு நாய் செய்கிறது.

பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளைகளோடும் நாய் போகும். தேயிலை மலைக்குள்ளால் உள்ள குறுக்குப் பாதையில் அவர்களைக் கொண்டுபோய்ப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு, அது திரும்பி வந்துவிடும். மார்கழி பஜனைக்கும் முன்னால் போவது நாய்தான். தபேலாச் சத்தத்துக்கு ஊளையிட்டு, பாட்டுக்காரரிடம் திட்டு வாங்கி, கடைசியில் பொங்கலிலும் சுண்டலிலும் பங்கு வாங்கிக்கொண்டுதான் வரும். பைரவரின் வாகனம் என்று பெரியவர்கள் அதை விரட்டுவதில்லை.

யாருடைய நாய்?

நான் சமூகவியல் படித்த காலத்தில், ஒரு வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று அட்டவணை போடச் சொல்வார்கள். எமது லயங்களில் அப்படி ஓர் அட்டவணை போட்டால் நாயின் பெயரும் அதில் வர வேண்டும். யாருடைய நாய் என்று கேட்டால், "அவரு நாய்" என்றுதான் பெண்கள் சொல்வார்கள். குட்டியாகக் கொண்டுவந்தவர் கணவராகவோ மகனாகவோ இருப்பார். டைகர், டொமி என்று பெயர் வைத்ததும் அவர்தான். சோறு வைப்பது யார்? உண்ணி பிடுங்குவது யார்? வாசலில் அசிங்கம் செய்தால் கழுவுவது யார்? பக்கத்துக் காம்பராப் பிள்ளையைக் கடித்துவிட்டால் வாசலில் நின்று ஏச்சு வாங்குவது யார்? எல்லாம் வீட்டுப் பெண்தான். பராமரிப்பு எமது கையில் இருக்கிறது. ஆகவே அறிவும் எமது கையில் இருக்க வேண்டும். இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். குட்டி போட்டால் கடுவனுக்குத்தான் கிராக்கி. "பொட்டைக் குட்டி வேணாம், அது வருசத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும்" என்று சொல்லி, கண் திறந்ததும் திறக்காததுமாகச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஹோல்புறூக் பக்கத்திலோ, மன்றாசிக் கடை வீதியிலோ, தேயிலைக் கானிலோ விட்டுவிடுகிறார்கள். பனிக்காலத்தில் அவற்றில் பெரும்பாலானவை ஓர் இரவைக்கூடத் தாண்டுவதில்லை. தப்பிப் பிழைப்பவை ஒரு வருடத்தில் தாமே குட்டி போடுகின்றன. தடுப்பூசியும் இல்லாமல், வீடும் இல்லாமல், மனிதரைக் கண்டு பயந்து கடிக்கும் ஒரு கூட்டம் அப்படித்தான் உருவாகிறது. பொட்டை என்பதற்காகத் தூக்கி எறிந்த குட்டி, நாலைந்து வருடத்தில் நாலைந்து மடங்காகி எமது வாசலுக்கே திரும்பி வருகிறது. நாய்க்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாள்கள்தான். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த பொட்டை நாய் வீட்டோடு இருக்கும், காவலும் காக்கும், கடுவன்களின் சண்டையும் வாசலில் நிற்கும். பொட்டைக் குட்டியை வைத்துக்கொண்டு இந்தச் சிகிச்சைக்கு வழி தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

காட்டிலிருந்து வரும் கண்கள்

எமது தோட்டங்கள் காட்டை ஒட்டியவை. சிறுத்தைகள் ஹோர்ட்டன் சமவெளிக் காட்டில் மட்டும் இருப்பவை அல்ல. தேயிலைக்கு நடுவே விடப்பட்ட சின்னக் காட்டுத் துண்டுகளிலும், ஆற்றோரத்துப் பற்றைகளிலும் அவை நடமாடுகின்றன என்பதை மத்திய மலைநாட்டில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இரவில் கட்டிப்போட்ட நாய் காலையில் இல்லை, சங்கிலி மட்டும் கிடக்கிறது என்பது இங்கு பல லயங்களில் கேட்ட செய்தி. சிறுத்தை மனிதரைத் தேடி வருவதில்லை. சுலபமாகக் கிடைக்கும் இரையைத் தேடித்தான் வருகிறது. வாசலில் கட்டிய நாய் ஓடித் தப்ப முடியாத இரை.

ஆகவே சிறுத்தை நடமாட்டம் உள்ள இடங்களில் இரவில் நாயைச் சங்கிலியில் வெளியே விடாதீர்கள். இஸ்தோப்பின் மூலையில் பலகையும் தகரமும் வைத்து அடைத்துக் கதவு போட்ட ஒரு சின்னக் கூடு போதும். எலும்பையும் இறைச்சிக் கழிவையும் லயத்துக்குப் பின்னால் வீசாதீர்கள். நாய்க் கூட்டம் கூடுகிற இடத்துக்குச் சிறுத்தையும் வரும்.

ஆண்பிள்ளைகளிடம் ஒரு விடயத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மரக்கறித் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றிக்கென்று கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் அப்படி ஒரு சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை ஒன்று உயிரோடு மீட்கப்பட்டும் சில நாள்களில் இறந்துபோனது. நாடெங்கும் பேசப்பட்ட சம்பவம் அது. அதே சுருக்கில் எமது நாய்களும் மாட்டுகின்றன. இடுப்பில் கம்பி இறுகிய நாய் வலியில் தன் எசமானையே கடிக்கும். சுருக்கு வைப்பது சட்டப்படி குற்றம் என்பதோடு, அது எந்த உயிரைப் பிடிக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது.

ஒரு சிறு கீறல்

இரண்டு வருடங்களுக்கு முன் தை மாதத்தில் ஒரு தோட்டத்தில் நடந்ததை எழுதுகிறேன். அந்தத் தாயின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம்.

ஏழு வயதுச் சிறுவன். பொங்கலுக்கு முதல் வாரம் கடை வீதியில் அழுதுகொண்டிருந்த குட்டி நாயொன்றைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். குளிர் என்று இரவில் தன் போர்வைக்குள்ளேயே படுக்க வைத்தான். இரண்டாம் நாள் பால் கொடுக்கும்போது குட்டி அவன் விரலில் பல் பதித்தது. இரத்தம் என்று சொல்ல ஒரு துளிதான். பாட்டி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துத் துணி சுற்றினார். தாய் மலையிலிருந்து வந்து பார்த்தபோது, "குட்டி நாய்தானே, பால் பல்லுதானே" என்று எல்லாரும் சொன்னார்கள். நாலாம் நாள் குட்டி செத்துப்போனது. பனியில் விறைத்துச் செத்தது என்று நினைத்துத் தேயிலைக் கானில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் நான் அந்த லயத்துக்குப் போனது மகளிர் சங்கத்தின் சிறுசேமிப்புக் கூட்டத்துக்காக. பேச்சோடு பேச்சாகப் பக்கத்துக் காம்பரா அக்கா இந்தக் கதையைச் சொன்னார். குட்டி சாவதற்கு முதல் நாள் பால் குடிக்கவில்லை, பின்னங்கால் இழுத்தது, சும்மா கிடந்த சாக்கைக் கடித்தது என்று அவர் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. தாயை அழைத்துப் பேசினேன்.

அவர் முதலில் கேட்டது, "மிஸ், நாளைக்குப் போனா ஒரு பேர் போயிருமே. பனியில ஏற்கெனவே வேலை இல்லையே" என்பதுதான். அடுத்துக் கேட்டது, "தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்களாமே, சின்னப் பிள்ளை தாங்குவானா?" மூன்றாவது, "ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்குக் காசு?"

இந்த மூன்று கேள்விகளையும் நான் குறைவாக மதிக்கவில்லை. ஒரு நாள் பேர் என்பது அந்த வீட்டில் ஒரு வார மா. ஆனால் கூட்டத்தில் இருந்த பெண்களே பதில் சொன்னார்கள். ஆட்டோவுக்குச் சங்கக் காசில் எடுப்போம், பிறகு மெல்லக் கட்டலாம் என்றார் பொருளாளர். "நாளைக்கு நான் வேலைக்கு நிக்கிறேன், நானும் கூட வாறேன்" என்றார் மற்றொரு அக்கா. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் போய் வெகுநாளாகிறது, இப்போது போடும் ஊசி அப்படி அல்ல, அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசும் இல்லை என்று நான் சொன்னேன்.

விடிந்ததும் போனார்கள். குட்டியின் உடல் கிடைக்காதபடியால் அதைப் பரிசோதிக்க வழியில்லை. ஆகவே விசர் இருந்ததாகவே எண்ணிச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னார். குறித்துக் கொடுத்த நாள்களில் எல்லாம் தாயோ பாட்டியோ பிள்ளையைக் கொண்டுபோனார்கள். ஒரு நாளும் தவறவில்லை. அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அதற்குப் பிறகு அந்த லயத்தில் தடுப்பூசி போடாத நாய் ஒன்றும் இல்லை. அதைச் செய்து முடித்தது அந்தப் பாட்டிதான். ஊசி போடும் நாளில் வீடு வீடாகப் போய் நாய்களைக் கட்டி வைக்கச் சொன்னவர் அவர்.

விசர்நாய்க்கடி நோய் பற்றி

நீர்வெறுப்பு நோய் என்றும் சொல்லப்படும் இந்த நோயின் கிருமி, நோயுற்ற மிருகத்தின் எச்சிலில் இருக்கிறது. கடியால் மட்டுமன்றி நகக் கீறலாலும், புண்ணில் நக்குவதாலும் தொற்றலாம். கிருமி நரம்பு வழியே மெல்ல மூளைக்குப் போகிறது. அதற்குச் சில வாரங்கள் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் ஊசி வேலை செய்கிறது. நோய்க் குறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை என்றே சொல்ல வேண்டும். உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 59,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்று கணக்கிடப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும் இந்த நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களால் வருகிறது. விசர் மிருகம் என்று சந்தேகிக்கப்படுவதிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள்.

இந்த ஊசிக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1885ஆம் ஆண்டு பாரிஸில் லூயி பாஸ்டர், விசர் நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் இதைப் போட்டார். மகனை அவரிடம் கொண்டுபோனவர் அவனுடைய தாய். தென்னிந்தியாவில் கடிபட்டவர்கள் வடக்கே கசௌலி வரை போக வேண்டியிருந்த காலமும் இருந்தது. 1907ஆம் ஆண்டு, எமது மலைகளைப் போலவே தேயிலை வளரும் நீலகிரியில், குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டு மக்களுக்கு இந்தச் சிகிச்சை அருகில் வந்தது.

இலங்கையில் விசர் நாய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் வெகுகாலம் நாய்களைப் பிடித்துக் கொல்வதே வழியாக இருந்தது. 1973ஆம் ஆண்டில் இந்த நோயால் நாட்டில் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், கடிபட்டவர்களுக்கு இலவசச் சிகிச்சையும் பரவியதால் அண்மைய காலத்தில் அது ஆண்டுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டில் தெரு நாய்களைக் கொல்வதை நிறுத்தும் முடிவு எடுக்கப்பட்டது; தடுப்பூசியும் கருத்தடையுமே வழி என்றாகியது. இது கருணைக்காக மட்டும் சொல்வது அல்ல. ஓர் இடத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. ஊசி போட்ட நாயைக் கொன்றால், அதன் இடத்துக்கு ஊசி போடாத நாய் வரும். ஊசி போட்ட நாய் எமது லயத்துக்கு ஒரு வேலி.

பனி நாட்டில் நடந்தது

எமது பனி இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். வருடத்தின் பெரும் பகுதி பனியாகவே இருக்கும் வட கனடாவில் இனுவிட் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் நாய்கள்தான் அவர்களின் வண்டி மாடுகளாக இருந்தன. சறுக்கு வண்டி இழுப்பது, பனிக்கட்டிக்கு அடியில் சீல் மூச்சு விட வரும் ஓட்டையை மோப்பம் பிடிப்பது, வெண்கரடி வந்தால் குரைப்பது எல்லாம் நாயின் வேலையாக இருந்தது. வண்டி இழுத்த நாய்களுக்கு வாரும் காலணியும் தைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருந்தது. நோய்ப்பட்ட குட்டியை வீட்டுக்குள் வைத்து வளர்த்தவர்களும் அவர்களே.

1950களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் இறுதி வரை, அவர்கள் குடியேற்றங்களில் வந்து தங்கிய காலத்தில், அந்த நாய்கள் பெருந்தொகையாகச் சுட்டுக் கொல்லப்பட்டன. அதிகாரிகளுக்கு அவை ஊரில் திரியும் தொல்லை. அந்த மக்களுக்கு அவை வேட்டை, பயணம், சாப்பாடு எல்லாம். நாய் போனதும் வேட்டைக்குப் போக முடியவில்லை. ஒரு வாழ்க்கை முறையே கை நழுவியது. அந்தப் பெரியவர்கள் பல பத்தாண்டுகள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிக்கிக்தானி பகுதி மக்களிடம் 2019இல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. நுனாவிக் பகுதி மக்களிடம் 2024 நவம்பரில் மன்னிப்புக் கேட்டதோடு 45 மில்லியன் கனடா டொலரும் ஒதுக்கியது. அந்த இரண்டாவது மன்னிப்பை அரசின் சார்பில் நேரில் போய்ச் சொன்ன அமைச்சர், இலங்கையில் பிறந்த தமிழரான கெரி ஆனந்தசங்கரி.

எங்கோ இருக்கும் கதையை ஏன் சொல்கிறேன்? ஏழை மக்களோடு வாழும் நாய்களைப் பற்றி முடிவு எடுக்கும்போது, அந்த மக்களிடம் முதலில் கேட்க வேண்டும். எமது லயத்து நாய்கள் தொல்லை என்று யாராவது சொன்னால், அவை இங்கு என்ன வேலை செய்கின்றன என்று எடுத்துச் சொல்ல எமக்குத் தெரிய வேண்டும். அதே நேரம், கடிக்கும் நாயையும் ஊசி போடாத நாயையும் "நம்ம நாய்தானே" என்று மறைக்கவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் எமது பேச்சுக்கு மதிப்பு இருக்கும்.

இந்தப் பனிக்காலத்தில் செய்யக்கூடியவை

1. நாய் படுக்க உரப்பையைப் போடாதீர்கள். அதில் ஈரம் தேங்கும். சணல் சாக்கும் பழைய கம்பளித் துண்டும் நல்லது. சீமெந்துத் தரையில் நேரே போடாமல் ஒரு பலகையின் மேல் போடுங்கள்.

2. குளிரில் உடம்பைச் சூடாக வைக்க நாய்க்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கஞ்சியில் மிஞ்சிய ரொட்டியை ஊறப் போட்டு இளஞ்சூட்டில் கொடுக்கலாம்.

3. சொறி பிடித்த நாயையும், எங்கிருந்தோ வந்த குட்டியையும் பிள்ளைகளின் போர்வைக்குள் விடாதீர்கள். பூச்சி மருந்து பிள்ளைக்கும் வேண்டும், நாய்க்கும் வேண்டும். நாயைத் தொட்ட கையை உணவுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கழுவப் பழக்குங்கள்.

4. குட்டிக்கு ஆறு வாரம் ஆனதும் விசர்நாய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். அரசாங்கம் இதை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைக் கேட்டு, பிரட்டுக்களத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். ஊசி அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

5. கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பீலித் தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தாலும் பிள்ளை அழுதாலும் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய், கோப்பித் தூள் எதுவும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். குட்டி நாய், பூனை என்று அலட்சியம் வேண்டாம்.

6. கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். பாதுகாப்பாகக் கட்டி வைத்து இரண்டு வாரம் கவனியுங்கள். அது செத்தாலோ காணாமல் போனாலோ வைத்தியரிடம் சொல்லுங்கள். செத்த உடலை வெறுங்கையால் தொடாமல், கானில் எறியாமல், பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

7. மகளிர் சங்கத்தில் அவசரப் போக்குவரத்துக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வையுங்கள். பாம்புக்கடிக்கும், குளவிக்கொட்டுக்கும், பிரசவத்துக்கும் அதே காசு உதவும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் ஆண்கள் இருந்தால் தடுப்பூசி நாளில் நாயைப் பிடித்துக்கொண்டு போகும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். "உங்க நாய்தானே" என்று சொன்னால் மறுக்க மாட்டார்கள். உங்கள் லயத்தில் தடுப்பூசி நாள் எப்படி நடந்தது, எத்தனை நாய்கள் வந்தன, எவை தப்பி ஓடின என்று எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், பனி கருக்கிய மரக்கறிப் பாத்தியில் என்ன பயிரிடலாம் என்பது பற்றிப் பேசுவோம்.